கடைசி நாலு தானாக வரும்

எங்கள் பிரிவில் நாங்கள் பதினாறு பேர். அதில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற செய்தி முதலில் லிஃப்டில்தான் வந்தது. மேல்மாடியிலிருந்து இறங்கிய இரண்டு பெரிய மனிதர்கள், மூலையில் நின்ற எங்கள் ஆளை லிஃப்டோடு சேர்ந்த சாமான் என்று நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். அந்த ஆளை நாங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்த அன்று கோட்டும் டையுமாக வந்து நின்றவன். பெயர் ஒட்டிக்கொண்டது.

“பதினாறு பன்னெண்டாகுது,” என்றான், நாற்காலியில் உட்காரும் முன்பே. “மாசக் கடைசிக்குள்ள.”

“யாருடா சொன்னா?” என்றாள் பெரியக்கா.

“லிஃப்டு சொல்லிச்சு.”

“லிஃப்டு ஏறுறேன்னும் சொல்லும், இறங்குறேன்னும் சொல்லும். போய் வேலையப் பாரு.”

ஆனால் அன்று மதியம் அவளும் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடினாள்.

பெரியக்கா எனக்கு அடுத்த இருக்கை. பிரிவிலேயே பழையவள். எல்லோரையும் உரிமையோடு திட்டுவாள், எல்லோருக்கும் தலைவலி மாத்திரை வைத்திருப்பாள். நான் யாரென்றால், எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை உள்பக்கமிருந்து பார்த்தவள். அப்பா லாரிகளில் சரக்கு ஏற்றுகிறவர். ஏற்றுகிறவராக இருந்தவர். ஒரு மழை நாளில் வண்டியின் பின்பலகையிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பு போனது. இப்போது முன்னறைக் கட்டில்தான் அவருக்கு ஊரும் உலகமும். அம்மா ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு முன்னால் அவள் முழங்கால் ஓய்வு பெற்றுவிட்டது. தங்கை பள்ளிக்கூடம் போகிறாள். என் நாற்காலி போனால் எங்கள் வீட்டு அடுப்பு போகும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நாங்கள் செய்யும் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பார்சல் அனுப்பும் கம்பெனி அது. நாங்கள் புகார்ப் பிரிவு. பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, நனைந்து வந்தது, பக்கத்து வீட்டுக்காரன் வாங்கி வைத்துக்கொண்டு இல்லையென்று சத்தியம் செய்கிறான், கொண்டுவந்த பையன் என் நாயை உதைத்தான், நாய் கொண்டுவந்த பையனைக் கடித்தது என்று ஜனங்கள் எழுதிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொன்றையும் படித்து அதற்கு ஒரு லேபிள் குத்த வேண்டும். மொத்தம் எண்பது சொச்சம் லேபிள். எந்த லேபிளோ அதற்கேற்ற பதில் போகும்: மன்னிப்பு, அல்லது பணம், அல்லது இரண்டும் இல்லை. கடைசியாக ஒரு லேபிள் இருந்தது. அதன் பெயர் ‘மற்றவை’. எதிலும் சேராதது அதில் சேரும்.

லிஃப்டு பேசிய அதே வாரம் எங்கள் பிரிவுத் தலைவர் காலைக் கூட்டத்தில் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தார். யோசிக்கும்போது மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார் என்பதால் அவர் எங்களுக்குத் ‘தாளம்’. அவருக்குத் தெரியாது. காலைக் கூட்டத்தை நின்றுகொண்டேதான் நடத்துவார், உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். அன்று சுவர்த் திரையில் கட்டம் கட்டமாகப் பதினாறு சொற்கள் தெரிந்தன. அவற்றை நாலு நாலாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நாலுக்கும் ஓர் உறவு இருக்கும். என்ன உறவு என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாலாவது தப்பில் ஆட்டம் முடிந்துவிடும். தினம் ஒரு புதிர்.

“மூளையும் காலைல சோம்பல் முறிக்கணும்ல?” என்றார் தாளம்.

பதினாறு பேர், பதினாறு சொற்கள். போகப்போவது நாலு பேர், பிரிக்க வேண்டியது நாலு நாலாக. எங்களுக்கு வேறென்ன வேண்டும்? காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. இதுதான் பரீட்சை என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை, எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். நாள் முழுக்க எதையாவது எதோடாவது சேர்த்தே பிழைக்கிறவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும். தனியாக ஒன்று கிடந்தால் எங்கள் கை சும்மா இருக்காது.

“புதுப் பொண்ணு, நீ வந்து தொடு பார்ப்போம்,” என்று முதல் நாளே என்னைக் கூப்பிட்டார்.

சுத்தியல், உளி, குறடு, திருப்புளி, ரம்பம் எல்லாம் கண்ணில் பட்டன. தச்சன் சாமான்கள். அவை ஐந்து இருப்பதைக்கூட எண்ணாமல் ரம்பத்தையும் சேர்த்து நாலைத் தொட்டேன். திரை குலுங்கியது. தப்பு. உளியை எடுத்துவிட்டுக் குறடு. மறுபடி குலுங்கியது. அப்புறம் பூடில், டாபர்மேன், பொமரேனியன், பக் என்று நாலு சொற்கள். எங்கள் தெருவில் நாய்க்கு ரகம் கிடையாது. கடிக்கிற நாய், கடிக்காத நாய், அவ்வளவுதான். ‘பக்’ என்பது பயந்தால் நெஞ்சில் கேட்கும் சத்தம் என்றுதான் எனக்குத் தெரியும். அதை ‘அழுகை’யோடு சேர்த்தேன்.

“அது நாய்ம்மா!” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, பிரிவே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

நாலாவது தப்பும் ஆனதும் திரை தானாகவே விடையைக் காட்டியது. சீப்பு, முதலை, ஜிப், ரம்பம்: பல் உள்ளவை. முள், மாத்திரை, சளி, அழுகை: தொண்டையில் நிற்பவை. தாளம் மேஜையில் இரண்டு தட்டு தட்டினார்.

அன்று பஸ்ஸிலேயே போனில் அந்த விளையாட்டை இறக்கிக்கொண்டேன். பழைய புதிர்கள் மலைபோலக் கிடந்தன. பரீட்சை என்றால் எனக்குப் பயமில்லை. மண்டையில் ஏறாததையும் அடித்து ஏற்றித்தான் நான் பட்டமே வாங்கினேன். மாப்பிள்ளை மாதிரி ஆட்களுக்குப் பியானோவும் நாய் ரகமும் வீட்டிலேயே சோற்றோடு ஊட்டிவிட்டிருந்தார்கள். எனக்கு ஊட்டியதெல்லாம் சோறு மட்டும்தான்.

தெரியாத சொற்களை மனப்பாடம் செய்தேன். ஆனால் மனப்பாடம் கொஞ்ச தூரம்தான் வந்தது. தோற்றுத் தோற்றுத்தான் மற்றது பிடிபட்டது. முதலில் கண்ணில் படும் கூட்டத்தைத் தொடவே கூடாது, அது தூண்டில் புழு. புதிர் போடுகிறவனும் ஒரு மனிதன், நான் விழுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவன். ஒரு கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தால் அதில் ஒருத்தனுக்கு இரண்டு வீடு இருக்கிறது. அந்த இரண்டு வீட்டுக்காரனைப் பிடித்துவிட்டால் பாதிப் புதிர் உடைந்தது. ரம்பத்துக்குத் தச்சன் பட்டறையிலும் வீடு, முதலை வாயிலும் வீடு. எங்கேயும் சேராமல் திருதிருவென்று விழிக்கும் சொல் ஒன்று இருந்தால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று கூட்டத்தை ஒழுங்காகக் கட்டிவிட்டால் கடைசி நாலுக்கு மெனக்கெடவே வேண்டாம். தானாக வரும். அவற்றுக்குள் என்ன உறவு என்பதுகூடத் தெரிய வேண்டியதில்லை. மிச்சம் என்பதே போதும்.

வீட்டில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். கட்டிலில் கிடப்பவருக்கும் பொழுது போக வேண்டுமே.

“தலையணை, முட்டை, செங்கல், கண்ணாடி...”

“செங்கல அடியில போடு,” என்பார். “கண்ணாடியப் படுக்க வைக்காத, நட்டுக்க வை. பக்கத்துல தலையணையக் குடு. முட்டை கடைசியா ஏறணும்.”

“அப்பா, இது லாரி இல்லப்பா.”

“பதினாறு சாமான்னா லாரி இல்லாம என்னடி?”

அம்மா துணி மடித்துக்கொண்டே முனகுவாள். “படிச்சவ போன நோண்டுறா, படுத்தவரு லாரி ஏத்துறாரு. இந்த வீட்ல எனக்கு மட்டுந்தான் வேலை.”

“இதுவும் வேலைதாம்மா.”

“அப்ப இதுக்குச் சம்பளம் தனியாக் கேளு.”

இரண்டாவது வாரத்தில் ஒரே ஒரு தப்போடு முடித்தேன். அதற்கடுத்த வாரம் தப்பே இல்லை. சுவர்த் திரை முன்னால் மற்றவர்கள் இன்னும் சொற்களை வாசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு இரண்டு கூட்டம் பிரிந்துவிடும். தாளத்தின் விரல்கள் வேகமாகத் தட்டும். பின்வரிசைச் சிரிப்பு நின்றுபோனது.

ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. கண் எதைப் பார்த்தாலும் பிரிக்க ஆரம்பித்தது. பஸ்ஸில் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கப்போகும் நாலு பேர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மதிய இடைவேளையில் எங்கள் பதினாறு பேரையும் பிரித்துப் பார்ப்பேன். வேகமாக வேலை முடிக்கிற நாலு பேர். தாளத்துக்கு வேண்டிய நாலு பேர். மேல்மாடியில் சொந்தக்காரர் உள்ள நாலு பேர். மிச்சம் நாலு. ஒவ்வொரு முறையும் பெரியக்கா மிச்சத்தில்தான் வந்தாள். சில நாள் பக்கத்தில் நானும் வந்தேன். அப்போதெல்லாம் அழித்துவிட்டு மறுபடி பிரிப்பேன்.

பெரியக்கா புதிரைத் தொடவே மாட்டாள். “எனக்கு எல்லாத்துக்கும் எல்லாத்தோடயும் சம்பந்தம் இருக்கிற மாதிரித் தெரியுது. நான் எங்க பிரிக்கிறது?” என்பாள்.

அது பொய் இல்லை. அவள் வேலையும் அப்படித்தான். ஒரு நாள் ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘நான் பதிவு செய்த பார்சல் தாமதமாக வந்துள்ளது.’ அதற்குக் கீழே பதிவு எண், தேதி, முகவரி எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசி வரியில், ‘அது என் அம்மாவுக்கு வாங்கிய காது மெஷின். அவர் போன பிறகு வந்தது.’ நானாக இருந்தால் ‘தாமதம்’ என்று குத்திவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன். பெரியக்கா மேஜைப் போனை எடுத்தாள்.

“அம்மா, நான் பார்சல் ஆபீஸ்லேருந்து பேசுறேன்... இல்லம்மா, எதுவும் விக்கல. ஒங்கம்மா பேரென்னம்மா?”

அப்புறம் நெடுநேரம் அவள் பேசவே இல்லை. “ம்... ம்...” மட்டும்தான். போனை வைத்துவிட்டு ‘மற்றவை’ என்று குத்தினாள். அந்த லேபிள் குத்தினால் முழுப் பணமும் திரும்பப் போகும், கூடவே மனிதக் கையால் எழுதின ஒரு மன்னிப்பும்.

“இதுக்குப் போன் பண்ணணும்னு எங்கக்கா எழுதியிருக்கு?” என்று கேட்டேன்.

“எங்கயும் எழுதல. எழுதியிருந்தா என்னை எதுக்கு வச்சிருக்கான்?”

மாத நடுவில் தாளம் என்னைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மேஜைக்கு எதிரே நாலு நாற்காலிதான் கொள்ளும் அறை. உட்காரச் சொன்னார். அதுவே அதிசயம்.

“உனக்கு நல்லாப் பிரிக்க வருது,” என்றார். “நம்ம லேபிளையும் அப்படிப் பிரிச்சுக் குடேன். எண்பது இருக்கக் கூடாது. நாலு பெரிய கூட்டம், ஒவ்வொண்ணுலயும் நாலு. அவ்வளவுதான். எந்தப் புகாரும் ரெண்டு இடத்துல நிக்கக் கூடாது. ‘மற்றவை’ இருக்கவே கூடாது.”

“எதுக்கு சார்?”

“மேல கேக்குறாங்க.” விரல்கள் தட்டின. “நல்லா வந்தா உன் பேரச் சொல்லித்தான் அனுப்புவேன்.”

என் பேரைச் சொல்லி. அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டு அடுப்பு, தங்கையின் பள்ளிக்கூடம், அம்மாவின் முழங்கால் எல்லாம் தலையாட்டின. நான் சரியென்றேன். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். பதில் எனக்குத் தெரியும்.

வேலை சுலபமாக இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் அவ்வளவு ரசித்து நான் எதையும் செய்ததில்லை. எண்பது சொச்சம் சொற்கள். நனைந்தது, கசங்கியது, பிரித்து ஒட்டியது எல்லாம் ‘சேதம்’ என்ற வீட்டுக்குள் போயின. நாயை உதைத்ததும் மணி அடிக்காமல் போனதும் ‘நடத்தை’ என்ற வீட்டுக்குள் போயின. தொல்லை கொடுத்தது இரண்டு வீட்டுக்காரர்கள்தான். தாமதமாகவும் வந்து உடைந்தும் வந்தால்? தாமதமாக வந்து ஆள் செத்துப்போயிருந்தால்? மூன்று நாள் முட்டிக்கொண்டேன். அப்புறம் குளித்துக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று வந்தது. எழுதுகிறவர் முதலில் எந்தக் குறையைச் சொல்கிறாரோ அதுதான் வீடு. முதல் வரி தீர்ப்பு. அதன் பிறகு வருவதெல்லாம் பேச்சு.

அவ்வளவுதான். ரம்பம் என்றால் தச்சன் பட்டறை, பேச்சே இல்லை. எல்லாச் சொல்லுக்கும் ஒரே வீடு. ‘மற்றவை’ காலியானது.

மதியச் சாப்பாட்டில் பெரியக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

“முதல் வரியா?”

“ஆமாக்கா.”

“ஏண்டி, செத்தவங்களப் பத்தி யாராவது முதல் வரில எழுதுவாங்களா? கடைசில, போறபோக்குலதானே எழுதுவாங்க?”

“எல்லாத்தையும் பாத்தா முடியாதுக்கா. எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்.”

“போடு, போடு.” தண்ணீர் குடித்தாள். “ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. ரெண்டு வீட்டுக்காரன் இருக்கிற வரைக்குந்தான் நமக்கு இங்க நாற்காலி. ஒரே வீட்டுக்காரனப் பிரிக்க ஆள் எதுக்கு? சல்லடை போதும்.”

“உனக்குப் புதிர் பிடிக்காது. அதான் இப்படிப் பேசுற.”

“ஆமா, பிடிக்காது,” என்றாள். “தலைவலி மாத்திரை வேணுமா? ரெண்டு நாளா நெத்தியப் பிடிச்சிட்டிருக்க.”

மாத்திரையை வாங்கி விழுங்கினேன். என் வேலையைத் தாளத்திடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மேஜையைத் தட்டவில்லை. கையைத் தட்டினார்.

மாதத்தின் கடைசி வேலைநாளில் சுவர்த் திரை இருட்டாகக் கிடந்தது. அன்றைய புதிரைப் போடவில்லை. தாளம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மேல்மாடியிலிருந்து வந்த ஒரு பெண். அவர்களுக்கு எதிரே நாலு நாற்காலி என்பதால் நாலு நாலு பேராகக் கூப்பிட்டார்கள்.

முதல் நாலு பேர் உள்ளே போனதுமே என் மண்டை வேலை செய்ய ஆரம்பித்தது. இவர்களுக்குள் என்ன உறவு? ஜன்னலோர இருக்கைகளா? இல்லை. போன வருடம் சேர்ந்தவர்களா? ஒருத்தி பழையவள். பிடிபடவில்லை. வெளியே வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் உறவு தெரிந்தது. ஒவ்வொருத்தர் கையிலும் அட்டைப்பெட்டி. சரி, நாலு பேர். லிஃப்டு சொன்ன கணக்கு முடிந்தது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டோம். அது வெட்கங்கெட்ட மூச்சு. போகிறவர்கள் காதிலும் விழுந்திருக்கும்.

அப்போது இரண்டாவது நாலு பேரைக் கூப்பிட்டார்கள்.

அவர்களும் அட்டைப்பெட்டியோடு வந்தார்கள்.

“லிஃப்டு நாலுன்னுதானே சொல்லிச்சு?” என்றாள் பெரியக்கா மெதுவாக. மாப்பிள்ளை லிஃப்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

மூன்றாவது நாலில் பெரியக்கா இருந்தாள். எழுந்து, முந்தானையைச் சரி செய்து, டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டே உள்ளே போனாள். அறையில் அவள் உட்காரக்கூட இல்லை என்பது கண்ணாடி வழியே தெரிந்தது. திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்து மாத்திரை அட்டைகளை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

“அக்கா...”

“நல்லா ஆடின, தங்கச்சி,” என்றாள். “ஒரு தப்புகூட இல்ல.”

குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். எனக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும். அவள் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படி வழியாகப் போனாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை.

மிச்சம் நாங்கள் நாலு பேர். நான், மாப்பிள்ளை, இன்னும் இரண்டு பேர். எங்களைக் கூப்பிட வேண்டிய அவசியமில்லை, நாங்களே போய் நின்றோம். மேல்மாடிப் பெண் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தாள்.

“உக்காருங்க,” என்றார் தாளம். “நீங்க நாலு பேரும் இருக்கீங்க. புகாரை இனிமே மெஷின் பிரிக்கும். அதுக்குச் சந்தேகம் வர்றதை மட்டும் நீங்க பார்த்து எந்தக் கூட்டம்னு சொல்லணும். சொல்லச் சொல்லக் கத்துக்கும். மூணு மாசம் ஒப்பந்தம்.”

“அப்புறம்?” என்றான் மாப்பிள்ளை.

“அதுக்குள்ள கத்துக்கும்.”

நான் கேட்டேன். “சார், நாலு பேர்தானே போறதா இருந்துச்சு?”

“ஆமா. அப்படித்தான் இருந்துச்சு.” என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் கள்ளமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. “உன் வேலையப் பாத்துட்டு மேல அசந்துட்டாங்க. ரெண்டு இடத்துல நிக்கிற புகாராலதான் இத்தனை வருஷமா மெஷின் போட முடியல. நீ அதை ஒரே வரில முடிச்சுட்ட. அப்ப பன்னெண்டு எதுக்கு, நாலு போதும்னுட்டாங்க.”

“எங்க நாலு பேரை எப்படி எடுத்தாங்க? அந்தப் புதிர வச்சா?”

“எந்தப் புதிர்? அதுவா!” நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “அது என் பொண்ணு அனுப்பினா. நல்லா இருந்துச்சு, போட்டேன். மேல இருந்து பன்னெண்டு பேரு எழுதி வந்துச்சு. அவங்க போக நீங்க மிச்சம்.”

வெளியே வந்ததும் மாப்பிள்ளை என் பக்கத்தில் நடந்தான். “சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னு எங்க பாட்டி சொல்லும்,” என்றான். “இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்.”

“வாய மூடு.”

“மூடிக்கிறேன். மூணு மாசத்துக்கு.”

வீட்டில் அம்மா கேட்டாள். “வேலை இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப மூஞ்சி ஏன் செத்த வீட்டு மூஞ்சியா இருக்கு?”

“வேலை இருக்குன்னு சொல்றேன்ல!”

கட்டிலிலிருந்து அப்பா, “இன்னிக்கு என்னடி சாமான்?” என்றார். இன்று லாரி வரவில்லை என்றேன்.

அடுத்த வாரம் மெஷின் வந்தது. மெஷின் என்றால் ஏதோ இரும்பு என்று நினைக்காதீர்கள். பழைய கணினித் திரையில் ஒரு புது ஜன்னல், அவ்வளவுதான். காலியான பன்னிரண்டு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரைப் பார்க்க வைத்திருந்தார்கள். மேஜைப் போன்களை ஒயரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆயிரம் புகார் வந்தால் மெஷின் தானாகவே பிரித்துவிடும். சந்தேகம் வந்த ஐம்பதோ அறுபதோ எங்களிடம் வரும். நாங்கள் ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று தொட வேண்டும். தப்பென்றால் எந்தக் கூட்டமென்று காட்ட வேண்டும். அதே தப்பை அது மறுபடி செய்யாது. புதிரில் நான் செய்த தப்புகளை நானும் அப்படித்தான் விட்டொழித்தேன்.

இரண்டு வாரத்தில் ஐம்பது முப்பதானது. நாங்கள் நன்றாக வேலை செய்தால் சீக்கிரம் முடியும், மோசமாகச் செய்தால் அதற்கு முன்பே அனுப்பிவிடுவார்கள். ஆப்பு அசைத்த குரங்குக்குக்கூட வால் ஒன்றுதான் மாட்டியது.

பெரியக்காவுக்குப் போன் செய்து பார்த்தேன். எடுக்கவில்லை. ஒரு துணிக்கடையில் பில் போடும் இடத்தில் நாள் முழுக்க நிற்பதாக மாப்பிள்ளை சொன்னான். அங்கே உட்கார ஸ்டூல் கிடையாதாம்.

அன்றைக்கு வேறு எதையோ தேடப்போய், மெஷின் தானாகப் பிரித்து முடித்த புகார்களின் பக்கத்தைத் திறந்தேன். சந்தேகம் வராதவை. எங்கள் கண்ணுக்கு வரத் தேவையில்லாதவை. ஒரு தகப்பன் எழுதியிருந்தார். பெட்டி ஓரம் நசுங்கி வந்துள்ளது என்பது முதல் வரி. பதிவு எண், தேதி, முகவரி. கடைசியில், ‘உள்ளே இருந்தது விடுதியில் இறந்த என் மகனின் சாமான்கள். பாதி இல்லை.’ மெஷின் ‘சேதம், பெட்டி’ என்று குத்தி ஒரு வரி மன்னிப்பு அனுப்பியிருந்தது. துளி சந்தேகமில்லை. முதல் வரி தீர்ப்பு.

‘தப்பு’ என்று தொட்டேன். எந்தக் கூட்டம் என்று கேட்டது. நாலு கூட்டமும் வரிசையாக நின்றன. நான் கட்டிய வீடுகள். மேலும் கீழும் தேடினேன். அந்த மனிதர் போய் நிற்க அதில் ஓர் அறைகூட நான் கட்டவில்லை.

அழுகை தொண்டையில்தான் நின்றது, புதிரில் சொன்ன இடத்திலேயே. அப்புறம் கோபம் வந்தது. இந்த முறை அது உருப்படியான கோபம். புதிரை அவிழ்க்கத் தெரிந்தவளுக்குப் புதிர் போடவும் தெரியும். எத்தனை நூறு புதிரில் விழுந்து எழுந்திருக்கிறேன். விழவைப்பது எப்படி என்று எனக்கா தெரியாது? ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஐந்தாவதாக ஒருத்தனை அனுப்ப வேண்டும். ஒவ்வொருத்தனுக்கும் இரண்டாவதாக ஒரு வீடு காட்ட வேண்டும்.

நசுங்கிய பெட்டியைத் ‘தாமத’த்தில் போட்டேன். அதே மாதிரி நசுங்கிய இன்னொரு பெட்டியை ‘நடத்தை’யில் போட்டேன். நாயை உதைத்ததைச் ‘சேத’த்தில் சேர்த்தேன். மறுநாள் அதே நாயை எடுத்துத் ‘தாமத’த்தில் விட்டேன். கண்டபடி செய்யவில்லை. கண்டபடி செய்தால் உடனே தெரிந்துவிடும். ஒவ்வொன்றையும் படித்து, அது போய் நிற்கக்கூடிய இன்னொரு வாசலைத் தேடி, அங்கே நிறுத்தினேன். ரம்பத்தை ஒரு நாள் பட்டறையில், ஒரு நாள் முதலை வாயில். அதற்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தேன்.

முப்பது நாற்பதானது. பிறகு எழுபது.

நூறைத் தாண்டிய அன்று மாப்பிள்ளை தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் திரையைப் பார்த்தான். பின்னால் கண்ணாடி அறையில் தாளம் தட்டும் சத்தம் கேட்டது. மேலிருந்து அவருக்குப் போன் வர ஆரம்பித்திருந்தது.

“ஏய்,” என்றான் மெதுவாக. “நனைஞ்ச பார்சல நேத்து சேதத்துலதானே போட்ட?”

“ஆமா.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு இங்க.”

கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கண்டுபிடிப்பார்கள். எத்தனை நாளில் என்பதுதான் கேள்வி.

“நாளைக்கு?” என்றான்.

“நாளைக்கு நீ சொல்லு.”

அவன் தன் மேஜைக்கு நாற்காலியைத் திரும்ப உருட்டிப் போனான். முதல் புகாரைத் திறந்தான். முதல் வரியை விட்டுவிட்டுக் கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.